பழைய எண் என்றால் பழைய ஓட்டை என்று அர்த்தமில்லை

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான வெளியீடான ஸ்டேபிளில் மென்பொருள்கள் பழைய பதிப்பிலேயே நிற்பதால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். பதிப்பு எண் நிற்பது உண்மைதான். திருத்தம் வராது என்பது சரியல்ல.

2024-இல் ஸ்டேபிளாக இருந்த டெபியன் 12-இல் இருப்பது ஓபன்எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள்) 9.2. 2024 ஜூலை 1 அன்று 'ரெக்ரெஎஸ்எஸ்ஹெச்அயன்' என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது (ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்ணான சிவிஇ-யில் இது சிவிஇ-2024-6387). ஓபன்எஸ்எஸ்ஹெச்சை உருவாக்கும் மூலத் திட்டம் அதை 9.8-இல் அடைத்தது. டெபியன் 9.8-க்குத் தாவவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் வரிகளை மட்டும் 9.2-க்குள் கொண்டுவந்து, அதே நாளில் வெளியிட்டது. அதனால் எண் 9.2 ஆகவே இருக்கும், அந்தத் திருத்தம் வந்தபோது அதன் வால் மட்டும் 'டெப்12யு3' என்று மாறியது. எண்ணின் முன்பாதியை மட்டும் படிக்கும் சில ஸ்கேனர்கள் (ஓட்டைகளைத் தேடும் கருவிகள்) இன்னமும் சிவப்பு விளக்கு காட்டுவது இதனால்தான். இந்தக் குழப்பமே பாதி அங்கிருந்து வருகிறது என்பது என் கணிப்பு.

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். டெர்மினலில் 'ஆப்ட் சேஞ்ச்லாக்' கட்டளையோடு ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் பேக்கேஜின் பெயரைக் கொடுத்து, வரும் பட்டியலில் 6387 என்று தேடுங்கள். டெபியன் செக்யூரிட்டி டிராக்கர் தளத்தில் அதே சிவிஇ எண்ணைத் தேடினால், எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பில் சரிசெய்தார்கள் என்று அட்டவணையாகவே கிடைக்கும்.

புதிய வசதிகள் வேண்டுமென்றால் ஸ்டேபிள் சலிப்பூட்டும், அது வேறு கணக்கு. ஆனால் அப்டேட்டை நீங்கள் போட்டால்தான் இந்தத் திருத்தமும் வந்து சேரும்.