மெயின்டனன்ஸே வேண்டாம் என்று சொல்லித் தலையில் கட்டிய புல்

மூணாவது தடவை! அதே இடம், அதே ஜாயின்ட். விடிகாலையில் செருப்பில்லாமல் வெளியே வந்தவன், தூக்கிக்கொண்டு நின்ற அந்தச் செயற்கைப் புல் ஓரத்தில் கால் கட்டைவிரலை இடித்து நகத்தைப் பெயர்த்துக்கொண்டேன். விரலில் கட்டோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"போட்டுட்டு மறந்துடுங்க சார். தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்." செயற்கைப் புல்லை ரோல் ரோலாக இறக்கியவர் அன்று சொன்னது. அவர் நின்று பேசிய இடத்தில் அலைச் சத்தம் கேட்கும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி, கேட் கீல், சைக்கிள் செயின் எதுவுமே தப்பாத வீடு இது. ஆனாலும் கடல் என்ற வார்த்தையை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் புத்தியை என்ன சொல்ல!

முதலில் விட்டுக்கொடுத்தது ஆணி. ஓரத்தை இழுத்துப் பிடிக்க ஒரு சாணுக்கு ஒன்று என்று அடித்திருந்தார்கள். ஏழெட்டு மாதத்தில் பச்சைக்கு நடுவே காவி நிறத்தில் வட்டம் வட்டமாகக் கறை. குறடு வைத்து ஒன்றை இழுத்தேன். தண்டு மட்டும் வந்தது, தலை புல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தேடி எடுத்து விரலால் நசுக்கினால் மண்ணாங்கட்டி மாதிரி உதிர்கிறது. தலை இல்லாத ஆணி எதைப் பிடிக்கும்? கேட்டால், "கால்வனைஸ் பண்ணின ஆணி சார், துருவே பிடிக்காது." துத்தநாகப் பூச்சு என்பதே இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகப் போடுவது. கடலோரத்து உப்பு அதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். அதிலும் சுத்தியலால் தலையில் நாலு போடு போட்டு, பூச்சை அன்றைக்கே உரித்துவிட்டுத்தானே போனீர்கள்! 316 என்று ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கிறது, மாலிப்டினம் என்ற உலோகம் கலந்தது. படகுச் சாமான்களுக்கு அதைத்தான் போடுகிறார்கள். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான 304 கூட இந்தக் காற்றில் பழுப்பேறும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா, இதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமா?

சரி, ஆணி போகட்டும். பசைக்கு வருகிறேன். ரத்தம் கொதிப்பதே அங்கேதான்.

முதல் ரிப்பேருக்கு ஆள் வந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு, வேறெங்கோ வேலை முடித்த களைப்போடு. ஓரத்தைத் தூக்கினார். பழைய பசை திட்டுத் திட்டாக இருந்தது. கையால் ஒரு தட்டு, முடிந்தது கிளீனிங். அதன் மேலேயே, இரண்டு ஓரத்தையும் அடியிலிருந்து சேர்த்துப் பிடிக்கும் புது டேப், புதுப் பசை. "அடியில உப்பு படிஞ்சிருக்கே, நல்ல தண்ணி விட்டுக் கழுவிக் காய வெக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "பசை எல்லாத்தையும் பிடிச்சுக்கும் சார்" என்றார். பிடித்தது, டேப்பைத் தவிர எல்லாவற்றையும். மேலே பிதுங்கி வந்து புல் இழைகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டி, சீப்பு போகாத சடைமுடி மாதிரி ஆக்கிவிட்டது.

உப்பு சும்மா கிடக்காதய்யா. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடலோரத்து ராத்திரிக்கு அந்த ஈரமெல்லாம் சாதாரணம். மத்தியானம் தொட்டால் மொரமொரவென்று காய்ந்திருக்கும் அடிப்பாகம், பொழுது சாய்ந்ததும் பிசுபிசுக்கும். ஒரே டப்பாவில் வரும் பாலியூரித்தேன் பசை இறுகுவதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும்தான். மிஞ்சினால் நுரைத்துப் பொங்கிவிடும். இன்று நான் பிரித்துப் பார்த்த பசை முழுக்க ஓட்டை ஓட்டையாக, காய்ந்த நுரை. வெயில் வேறு இருக்கிறது. நடுப்பகலில் அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியைக்கூடத் தாண்டும், நீளும், ராத்திரி சுருங்கும். நுரையால் ஒட்டிய ஜாயின்ட் இந்த இழுபறியை எத்தனை நாள் தாங்கும்?

(இந்தப் புல்லின் பூர்வீகம் தெரியுமா? 1966-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட ஸ்டேடியத்துக்குள் விரித்ததில்தான் இது பேர் வாங்கியது. கூரையில் பதித்த, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் பலகைகள் கூசிப் பந்து தெரியவில்லை என்று பேஸ்பால் ஆட்டக்காரர்கள் புலம்ப, அவற்றுக்குப் பெயின்ட் அடித்தார்கள்; வெயில் இல்லாமல் உள்ளே இருந்த நிஜப் புல் செத்தது; அப்புறம்தான் பிளாஸ்டிக். கூரைக்கு அடியில் பேர் வாங்கிய சரக்கை நான் அலைக்கு எதிரில் விரித்து வைத்திருக்கிறேன்.)

இரண்டாவது ரிப்பேர்க்காரர் இன்னும் கெட்டிக்காரர். பிய்ந்துபோன இடத்தில் புதுத் துண்டு வெட்டி ஒட்டினார். பழைய புல் வெயிலில் வெளுத்திருக்க, துண்டோ கிளிப்பச்சை. போதாக்குறைக்கு இழை சாயும் திசையை மாற்றி வைத்துவிட்டார். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் கரும்பச்சை, அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வெளிர். வெள்ளைச் சட்டையில் காக்கித் துணியை ஒட்டுப்போட்ட மாதிரி. யார் கண்ணிலும் படாத மூலையில், அதே வெயிலைத் தின்ற புல் ஒரு முழம் இருந்ததே! அதை வெட்டி இங்கே வைத்து, புதுசை அங்கே ஒட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இழைகளுக்கு நடுவே தூவும் சிலிக்கா மணல் தீர்ந்துவிட்டது என்று, வாளியை எடுத்துக்கொண்டு நேராகக் கடற்கரைக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "மணல்னா மணல்தானே சார்!" கழுவிச் சலித்த மணலும், உப்பும் கிளிஞ்சல் தூளும் கலந்த மணலும் ஒன்றா? உப்பைப் போக்க நான் வாராவாரம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இவர் வாளியில் கொண்டுவந்து கொட்டுகிறார். காற்று கொண்டுவரும் பொடிமணலே தண்ணீர் இறங்கும் ஓட்டைகளை அடைத்துக்கொள்கிறது. புளோயர் வைத்து ஊதினால், உள்ளே இருக்க வேண்டிய மணலும் சேர்ந்து பறக்கிறது.

இன்று நானே உட்கார்ந்துவிட்டேன். மணலை பிரஷ்ஷால் ஒதுக்கி, ஓரங்களைப் புரட்டினால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று டேப். சுரண்டி எடுக்கவே மதியமாகிவிட்டது. நல்ல தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, வெயிலில் மலர்த்திப் போட்டிருக்கிறேன். பசை இருக்கிறது, மேலே வைக்கச் செங்கல் இருக்கிறது, ஆணிதான் இல்லை. வேறு வழியில்லாமல் இறக்கியவருக்கே போன் போட்டு, 316 ஆணி கிடைக்குமா என்று கேட்டேன்.

"என்ன சார், மறுபடியும் அதே இடமா?" என்றார். "நீங்க அது மேல ரொம்ப நடக்கறீங்க போல."