பள்ளிக்கூடம் கூட்டரசில், நிலம் மாநிலத்தில்

மலேசியாவும் இந்தியாவும் பேருக்குத்தான் கூட்டாட்சி, இரண்டிலும் மேலே இருப்பவர் வைத்ததுதான் சட்டம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வந்து பாருங்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கோலாலம்பூரில் இருக்கும் கூட்டரசிடமிருந்து, அதாவது மத்திய அரசிடமிருந்து வரும், ஆனால் பள்ளியை வேறு இடத்துக்கு மாற்ற அரசு நிலம் கேட்டால் அது மாநிலத்தின் கையில், இப்போது பள்ளி நிற்கும் இடமோ தோட்டக் கம்பெனியுடையது. கோப்பு மூன்று வாசல் ஏறி இறங்குவதற்குள் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவமே முடித்துவிடும்!

இன்னொன்று. மத்திக்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் பிரிக்கும் பட்டியலில் இல்லாத அதிகாரம் இந்தியாவில் மத்திக்குப் போகிறது, இங்கே மலேசிய அரசியலமைப்பின் 77ஆவது விதிப்படி மாநிலத்துக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டியல் இருக்கும் ஒன்பதாவது அட்டவணையில் கல்வி, சுகாதாரம், போலீஸ், வருமான வரி எல்லாம் கூட்டரசுக்கு எழுதிவிட்ட பிறகு மிச்சம் என்ன இருக்கிறது, நிலம், காடு, தண்ணீர் போன்ற சிலதான்.

மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு அதுதான் குறை. 1957இல் மாநிலங்கள் அனுப்பியவர்கள் 22, கூட்டரசின் நியமனம் 16. இன்று 70 பேரில் மாநிலங்களுக்கு 26 மட்டும், நியமனம் 44. ஜெர்மனியில் மாநில அமைச்சர்களே நேராகப் போய் மேலவையில் உட்காருகிறார்கள், மாநிலங்களைத் தொடும் பல சட்டங்கள் அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் நகராது. அப்புறம் போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலங்களான சபா, சரவாக் வேறு கதை, அங்கே வேலைக்குப் போக தீபகற்பத்து மலேசியர்களான எங்களுக்கே பெர்மிட் வேண்டும்.