பாயை எங்கே விரிக்கிறோம்?

"கிராமத்துச் சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு விளையாட்டுக் குழு? தெருவே போதாதா?" என்று கேட்காத ஆளில்லை. எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். திண்ணையை இடித்துக் கம்பிக் கதவு போட்டாயிற்று. சிமெண்ட் ரோட்டில் பைக் பறக்கிறது. பிள்ளை கையில் செல்போன். பால்வாடியில் இரண்டு வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கும், கூட விளையாட ஆள் கிடைக்காது.

அதனால்தான் அம்மாக்கள் ஐந்து பேர் சேர்ந்து செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பாய் விரிக்க ஆரம்பித்தோம். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற இடமில்லை இது. அம்மாவோ அப்பத்தாவோ கூடவே உட்கார வேண்டும். ஒரு கூடை மணல், கொட்டாங்குச்சி, நுங்கு வண்டி, அவ்வளவுதான். புளியங்கொட்டை மாதிரி வாயிலோ மூக்கிலோ போகிற எதுவும் பாய்ப்பக்கம் வரக்கூடாது, அதில் மட்டும் கறார். "ஏபிசிடி சொல்லித் தருவீங்களா?" என்றவர்களிடம் மாட்டோம் என்றே சொன்னோம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கை வழியே நண்டு ஊரப்போகும் நேரத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறதே, அந்த வயதுக்கு வேறென்ன பாடம் வேண்டும்?

"வேலையத்த வேலை" என்றார் ஒரு பெரியவர். 1941-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில், ஆண்கள் போருக்குப் போயிருந்த நாளில் அம்மாக்கள் கூடித் தொடங்கியதுதான் அங்கே நாடெங்கும் பரவிய 'பிளேசென்டர்' என்ற குழந்தைகள் விளையாட்டுக் குழு. அவ்வளவு தூரம் ஏன்? 2005-இல் வந்த 100 நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி கொடுக்கச் சொல்லியிருந்தது. பிள்ளை பார்ப்பதும் வேலைதான்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. முதல் மாதம் பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில்தான் உட்கார்ந்தோம். நல்ல நிழல், பக்கத்திலேயே குழாய். காலனியிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லைதான். ஒருநாள் ஒரு அம்மா இடுப்பில் பிள்ளையோடு ரோட்டு முக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அந்த மரத்தடியில் யார் உட்காரலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "கூப்பிட்டாத்தானே வருவோம்க்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இரண்டு தெருவுக்கும் நடுவில் இருக்கிற நூலக வராந்தாவுக்குப் பாயை மாற்றினோம். எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி என் சித்தி மகள். வலித்தது. ஆனாலும் பாயைத் திரும்ப மரத்தடிக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்த அம்மா பனையோலையில் காற்றாடி முடைந்துகொண்டு வந்தார். அவர் பிள்ளை மணலை அள்ளி அள்ளி என் மகளின் கொட்டாங்குச்சியில் கொட்ட, அவள் கவிழ்த்துவிட்டு மறுபடி நீட்டினாள். அரைமணி நேரம் இதே விளையாட்டு.

நாளைக்குச் சித்தி மகள் வீட்டுக்குப் போகிறேன். அவளையும் கூப்பிட வேண்டும்.