இரண்டாவது கன்ட்ரோலர் யார் கையில்?

"பாட்டி, ஏ பட்டன்! ஏ பட்டனை அமுக்குங்க!"

அக்கா மகன், அதாவது என் மருமகன், கத்துகிறான். அம்மா பதறாமல் அமுக்குகிறார். திரையில் அவருடைய நீலக் காளான் தொப்பிக்காரன் ஒரு குமிழிக்குள் புகுந்து மேலே மிதக்கிறான். கீழே நாங்கள் மூன்று பேரும் எரிமலைக் குழம்பைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் இறங்குகிறோம். மருமகன் ஒரு துள்ளு துள்ளிக் குமிழியைத் தொட, அது உடைந்து அம்மா தரையில் நிற்கிறார். "வந்துட்டேன்" என்கிறார். அவர் வாழ்க்கையில் கன்ட்ரோலர் பிடித்தது இந்த 2 மாதமாகத்தான். வயது 64.

நாங்கள் விளையாடியது நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ. நின்டெண்டோவின் வீ என்ற கேம் கருவிக்கு 2009இல் வந்தது. பழைய பாணி: இடமிருந்து வலமாக ஓடு, குதி, ஆமையை மிதி, கடைசியில் கொடிக்கம்பத்தைப் பிடி. இதைப் பற்றி நீளமாக எழுத எனக்குக் காரணம் உண்டு. இந்த மாதிரி கேம்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படம் எப்படி, எத்தனை லெவல், கஷ்டமா சுலபமா என்று பார்த்துவிட்டு, கடைசியில் "நான்கு பேர் சேர்ந்தும் ஆடலாம்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டத்தில் யாருக்கு ஆட்டம் சரியாக வராதோ, அவருக்கு இந்த கேம் என்ன வேலை கொடுக்கிறது? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஏனென்றால் அந்த ஆளாக நான் வளர்ந்தேன். 1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இரண்டு பேர் ஆடலாம், ஆனால் மாறி மாறித்தான். மாரியோ உயிரை விட்டால்தான் லூயிஜிக்கு முறை. அக்கா மிக நன்றாக ஆடுவாள். ஆகவே நான் கையில் இரண்டாவது கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு, அவள் எப்போது குழியில் விழுவாள் என்று உட்கார்ந்திருப்பேன். கூடப் பிறந்தவள் தோற்க வேண்டும் என்று ஒரு குழந்தையை வேண்டிக்கொள்ள வைக்கும் ஏற்பாடு அது. அந்த கேமை இன்றும் கொண்டாடுகிறேன், ஆனால் அந்த ஏற்பாட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுட்டுக்கொண்டே ஓடும் பழைய கேமான கான்ட்ராவில் இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம். நீர்வீழ்ச்சி ஏறும் கட்டம் நினைவிருக்கிறதா? முன்னால் போகிறவர் மேலே தாவத் தாவத் திரையும் கூடவே ஏறும். பின்தங்கியவர் திரையின் அடியில் மறைந்தால் அங்கேயே ஓர் உயிர் போயிற்று. அதாவது திறமைசாலியின் வேகமே மற்றவரைக் கொன்றது. 1992இல் வந்த சோனிக் 2 வேறு வழி பிடித்தது. இரண்டாவது ஆள் டெய்ல்ஸ், நாயகன் சோனிக்கின் துணைவன். எத்தனை முறை அடிபட்டாலும் பறந்து திரும்பி வருவான், உயிர்க்கணக்கு கிடையாது. சின்னத் தம்பி தங்கைகளுக்கு அது பெரிய வரம். ஆனால் திரை சோனிக்கைத்தான் பின்தொடரும், டெய்ல்ஸ் பின்னால் விட்டுப்போனாலும் ஆட்டம் நிற்காது. இல்லாவிட்டாலும் குறையில்லை என்ற இடம்தான் அவனுக்கு.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் 2009இன் குமிழி எவ்வளவு பெரிய யோசனை என்று புரியும். உயிர் போனால் குமிழிக்குள் மிதந்து திரும்பி வருகிறீர்கள், கூட இருப்பவர் தொட்டால் மறுபடி களத்தில். அதைவிட முக்கியம், சாகும் முன்பே நீங்களாக ஒரு பட்டனை அமுக்கிக் குமிழிக்குள் போகலாம். "இந்த இடம் என்னால் முடியாது, நீங்கள் தாண்டுங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லும் உரிமை ஆடுகிறவர் கையிலேயே இருக்கிறது. ரிமோட்டை, அதாவது வீயின் கன்ட்ரோலரை, குலுக்கினால் குமிழி மற்றவர்கள் பக்கம் நகர்ந்து வரும், ஆகவே உள்ளே இருக்கும்போதும் கைக்கு வேலை உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் குமிழிக்குள் போய்விட்டால் மட்டும் அந்த லெவல் போச்சு. யாராவது ஒருவர் வெளியே நின்றாக வேண்டும். அதனாலேயே வீட்டில் ஒரு புதுப் பேச்சு உருவானது: "நான் நிக்கிறேன், நீங்க போங்க."

முதல் வாரம் அம்மா பாதி லெவலைக் குமிழியிலேயே கழித்தார். அதை ஒரு குறையாக அக்கா சொன்னாள், அம்மா பயணப் பை மாதிரி ஆகிவிட்டார் என்று. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. மூன்றாவது வாரம் அவரே சொல்ல ஆரம்பித்தார்: "இந்தக் குழி நான் தாண்டிடுவேன், யாரும் குறுக்க வராதீங்க." எந்த இடம் தன்னால் முடியும், எது முடியாது என்று அவர் பிரித்துப் பார்க்கக் கற்றது குமிழி இருந்ததால்தான். தப்பிக்க வழி இருந்ததால்தான் முயன்று பார்த்தார்.

இனி இந்த கேமின் மிகப் பெரிய சர்ச்சைக்கு வருகிறேன்: உடம்பு மோதுவது. இதில் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் சுவர். குறுகலான மேடையில் இரண்டு பேர் குதித்தால் ஒருவர் மற்றவரைத் தள்ளிவிடுவார். தலையில் மிதிக்கலாம். தூக்கலாம், எறியலாம். யோஷி என்ற டைனோசர் மேல் உட்கார்ந்திருப்பவர் கூட ஆடுபவரையே விழுங்கித் துப்பலாம். இதனால் வீட்டில் சண்டை வரும் என்று சொல்கிறார்கள். வரும். எங்கள் வீட்டிலும் வந்தது, அக்கா ஒரு முறை ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டாள்.

ஆனால் தள்ளிவிடும் அதே உடம்புதான் தூக்கியும் விடுகிறது. ஒருவர் தலையில் இன்னொருவர் மிதித்து எழும்பினால், தனியாக எட்டாத உயரம் எட்டும். மருமகன் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அம்மாவை ஒரு இடத்தில் அசையாமல் நிற்கச் சொல்லி, அவர் தலையில் ஏறி மேலே இருக்கும் காசுகளைப் பறிப்பான். அம்மாவால் தாண்ட முடியாத இடத்தில் அவரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே அவன் குதிப்பான். எல்லோரும் ஒரே நொடியில் மேலே எழும்பித் தரையைக் குத்தினால் திரையில் இருக்கும் எதிரிகள் மொத்தமாகச் சாய்வார்கள். அதற்கு எண்ணிக்கை சொல்லும் பொறுப்பு அம்மாவுடையது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்ற அவர் குரலுக்குத்தான் மூவரும் காத்திருப்போம். ஓடத் தெரியாதவருக்கு இந்த கேமில் இத்தனை வேலை இருக்கிறது. மோதல் இல்லையென்றால் இதில் பாதி இருக்காது.

தனியாக ஆடினால் எப்படி? நன்றாகவே இருக்கிறது. 8 உலகங்கள், லெவலுக்கு 3 ஸ்டார் காயின் என்ற பெரிய காசு, ஓட்டத்தில் அந்தச் சின்னச் சறுக்கல் எல்லாம் பழைய மாரியோவின் கை. ஐஸ் பூவும் ப்ரொபெல்லர் தொப்பியும் பெங்குவின் உடையும் சேர்ந்திருக்கின்றன. இசை எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. அவ்வளவுதான் அதைப் பற்றி.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். யாராவது ஒருவர் ஆளைப் பெரிதாக்கும் காளான் எடுத்தாலோ அடிபட்டாலோ எல்லோருக்கும் சேர்த்து ஆட்டம் ஒரு கணம் உறைந்து நிற்கும். தனியாக ஆடும்போது இது உறுத்தாது. நான்கு பேர் ஆடும்போது, நான் குழிக்கு மேல் காற்றில் இருக்கும் நேரத்தில் அக்கா காளான் எடுத்தால் என் தாளம் உடைகிறது. குதித்துத் தாண்டும் கேமில் தாளத்தை உடைப்பது சின்னத் தப்பில்லை. இன்னொன்று: ஒரே லெவலில் 8 முறை தோற்றால் லூயிஜி வந்து வழிகாட்டும் சூப்பர் கைடு, தனியாக ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான். ஒரு குடும்பமே ஒரே இடத்தில் முட்டி நிற்கும்போது அந்தக் கை நீளவில்லை. முதல் கன்ட்ரோலருக்கு எப்போதும் மாரியோதான் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் ரிமோட்டுக்கு ஒரு வாரம் முறை போட்டோம்.

பிறகு 2023இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வண்டரையும் நால்வருமாக ஆடினோம். அழகில் அதற்குப் பக்கத்தில் பழைய கேம் நிற்க முடியாது. மாயப் பூவைத் தொட்டதும் குழாய்கள் புழு மாதிரி நெளியத் தொடங்கிய கணத்தில் அம்மா கைதட்டினார். நேரக் கெடு இல்லை, யோஷியையோ நாபிட் என்ற திருடனையோ ஆட்டக்காரராக எடுத்தால் எதிரி தொட்டாலும் ஒன்றும் ஆகாது, செத்தால் ஆவியாகி 5 நொடிக்குள் கூட்டாளியைத் தொட்டு மீளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிடக் கனிவான மாரியோ எனக்குத் தெரியாது. மோதலை எடுத்துவிட்டார்கள். ஒருவர் உடம்பு வழியாக ஒருவர் காற்று போலக் கடந்துபோகலாம். சண்டை முற்றிலும் நின்றது.

பேச்சும் நின்றது. அன்று மாலை அதைத்தான் கவனித்தேன். நால்வரும் ஒரே திரையில், ஆனால் ஆளுக்கொரு ஆட்டம். யோஷி எடுத்த அம்மாவின் முதுகில் மட்டும் மருமகன் ஏறிக்கொள்ள முடிந்தது, அந்த ஒரு நேரம் இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார்: "இதுல என்னைத் தூக்க முடியாதா?"

முடியாது.

பழைய கேமில் அவர் இருபது தடவை விழுந்தார், இதில் அவ்வளவாக விழவில்லை. ஆனாலும் அவர் கேட்டது அதை. பலவீனமான ஆட்டக்காரரைக் காப்பாற்ற இரண்டு வழி இருக்கிறது: அடியே படாமல் செய்வது ஒன்று, பக்கத்தில் இருப்பவர் கையில் ஒப்படைப்பது இன்னொன்று. 2011இல் வந்த ரேமன் ஆரிஜின்ஸ் இரண்டாவதைத் தேர்ந்தது. அடிபட்டவர் பலூனாக ஊதி மிதப்பார், கூட்டாளி ஒரு அறை விட்டால் மீள்வார், உயிர்க்கணக்கே இல்லை. அறைவதும் காப்பாற்றுவதும் அங்கே ஒரே பட்டன். எனக்கு அந்த வழிதான் சரி என்று படுகிறது. அடுத்த மாரியோ செய்கிறவர்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது: தொடக்கத்திலேயே மோதல் வேண்டுமா வேண்டாமா என்று எங்களிடம் கேளுங்கள். குட்டிக் குழந்தைகள் ஆடும் வீட்டில் அணைத்து வைக்கட்டும். எங்களுக்கு அது வேண்டும்.

வண்டரை நானும் மருமகனும் தனியாக முடித்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பழையதற்கே திரும்பிவிட்டோம். கடைசி வில்லன் பௌசர் போன மாதமே முடிந்தது. ஆனால் ஒரு உலகத்தின் எல்லா ஸ்டார் காயினும் கிடைத்தால்தான் அதற்குரிய லெவல் ஒன்பதாவது உலகத்தில் திறக்கும். ஏழாவது உலகத்தில், அந்த மேகங்களுக்கு நடுவில், எங்களுக்கு இன்னும் 2 காயின் பாக்கி. அதில் ஒன்றைத் தானே எடுப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார், யாரும் தூக்கக் கூடாதாம்.