செம்புப் பாத்திரம் வாங்குறதுக்கு முன்னாடி ஈயம் பூசறவரைத் தேடுங்க

போன தீபாவளிக்கு ஆன்லைன்ல ஒரு செம்பு உருளி வாங்கினேன். ரீல்ஸ் பாத்து மயங்கினதுதான், மறைக்க ஒண்ணுமில்ல. விறகடுப்பு, வாழையிலை, தகதகன்னு செம்புப் பாத்திரம், பின்னால புல்லாங்குழல். நம்ம வீட்ல ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு, புல்லாங்குழலுக்குப் பதிலா குக்கர் விசில், இருந்தாலும் ஆசை விடல. வந்த அன்னிக்கே வத்தக்குழம்பு வெச்சேன். நிறமெல்லாம் ஜோர், வாயில வெச்சா பழைய காசை நக்கின மாதிரி ஒரு ருசி, கொஞ்ச நேரத்துல வயித்தப் பொரட்டிடுச்சு. அத்தை வந்து உருளிக்குள்ள எட்டிப் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க, "ஏம்மா, ஈயமே பூசாம புளி ஊத்துனியா?"

ஈயம்னா இங்க வெள்ளீயம், அதாவது டின். சாப்பாடு செம்புல படாம இருக்க உள்பக்கம் மெல்லிசா பூசற பூச்சு. பூஜை சாமான் வெளக்க புளி போடுறோமே, அது எதுக்கு? மேல இருக்கற கருப்பைக் கரைச்சு எடுக்கறதுக்கு. அதே புளி உள்ள கொதிச்சா மட்டும் சும்மா இருக்குமா, செம்பைக் கரைச்சு குழம்புல விட்டுடும். இருபது வருஷமா விளக்கு தேய்க்கிற எனக்கு இது தோணவே இல்லங்கறதுதான் கேவலம். தயிர், தக்காளி, எலுமிச்சை எல்லாத்துக்கும் இதே கதைதான். பித்தளைன்னாலும் தப்பிக்க முடியாது, அது செம்பும் துத்தநாகமும் சேந்ததுதானே. ஈயத்தைப் பாத்து இளிச்சுதாம் பித்தளைன்னு சொல்வாங்க, அந்த ஈயம் இல்லன்னா பித்தளைக்கு நம்ம சமையக்கட்டுல வேலையே இல்ல!

"எங்க பாட்டி காலத்துல எல்லாரும் இதுலதான் சமைச்சாங்க, நூறு வயசு இருந்தாங்க"ன்னு கிளம்பாதீங்க. பாட்டி ஈயம் பூசின பாத்திரத்துல சமைச்சாங்க. பூச்சு இல்லாம பால் காய்ச்சி வெச்ச வீட்ல என்ன நடந்துச்சுன்னும் தெரியும். கைக்குழந்தைங்களுக்கு ஈரல் சுருங்கிப் போற ஒரு நோய் இந்தியாவுல நிறைய இருந்துச்சு, 1980கள்ல புனே பக்கம் ஆராய்ச்சி பண்ணினப்போ பித்தளை, செம்புப் பாத்திரத்துல காய்ச்சி வெச்ச பாலோட அதுக்கு சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஜனங்க பாத்திரத்தை மாத்தினாங்க, நோயும் அநேகமா காணாமப் போச்சு. செம்பு வாட்டர் பாட்டில்ல எலுமிச்சை ஜூஸ் ஊத்தி ஸ்கூலுக்கு அனுப்புற அம்மாக்கள் இதை ரெண்டு தடவை படிங்க. வெறும் தண்ணி வெச்சுக்குடிக்கறது வேற விஷயம், அதுக்கே உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 2 மில்லிகிராம்னு ஒரு அளவு வெச்சிருக்கு.

அப்ப செம்பே வேண்டாமான்னா, ஐயோ, நான் அப்படி சொல்லவே இல்ல. சூடு கடத்துறதுல ஸ்டீல விட செம்பு இருபது மடங்குக்கும் மேல. ஸ்டீல் பாத்திரத்துல நெருப்பு படற இடம் மட்டும் கொதிச்சு சுத்தி சும்மா கிடக்கும், அங்கதான் அடிபிடிக்கும். நல்ல கனமான செம்புல சூடு பாத்திரம் பூரா ஓடிடும், அடுப்பைக் குறைச்சா உடனே அடங்கும். சக்கரைப் பொங்கல், திரட்டுப்பால் மாதிரி கிண்டிக்கிட்டே நிக்க வேண்டிய ஐட்டத்துக்கு இதை மாதிரி வராது. கனம் முக்கியம். காகிதம் மாதிரி தகட்டுல பண்ணி வெளிய சுத்தியல் தழும்பு போட்டு விக்கிறாங்களே, அது ஷோகேஸுக்குத்தான் லாயக்கு. ஸ்டீலுக்கு அடியில காப்பர் பாட்டம்னு வர்றதும் பெரும்பாலும் முலாம்தான், அழகுக்கு.

சரி, ஈயம் பூசலாம்னா ஆள் எங்க? சின்ன வயசுல தெருவுல "பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்"னு குரல் வரும், இப்ப மிக்சி ரிப்பேர் ஆட்டோகூட வருது, இவர் வரல. கடைசில ஒரு கல்யாண சமையல் காண்ட்ராக்டர்தான் வழி காட்டினார், அண்டா குண்டான் வெச்சிருக்கறவங்களுக்கு இவங்க இல்லாம முடியாதே. பெரியவர் உருளியை நல்லா தேச்சுக் கழுவி, கரி நெருப்புல காய வெச்சு, நவச்சாரம்னு ஒரு உப்புப் பொடியைத் தூவினார். குப்புனு வெள்ளைப் புகை, கண்ணு எரியுது. ஈயத்தை உள்ள வெச்சு ஒரு இழு, உருகுது, பஞ்சால ஒரு சுத்து சுத்தினார், செம்பு நிறம் போய் உள்ள நிலா மாதிரி ஆயிடுச்சு. தண்ணில முக்கி எடுத்தார். அவ்ளோதான். வெள்ளீயம்தானான்னு மட்டும் கேட்டுக்கோங்க, காரீயம், அதாவது லெட், கலந்திருந்தா அது விஷம்.

"வெறும் பாத்திரத்தை அடுப்புல வெக்காதம்மா"ன்னு சொல்லி அனுப்பினார். வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும், அதனால வறுக்கறது, தாளிக்கறது எல்லாம் தனிக் கரண்டில. மரக்கரண்டிதான், கம்பி நார் கிட்டயே வரக்கூடாது. இண்டக்‌ஷன் அடுப்புல செம்பு சூடாகவே ஆகாது, அதையும் சொல்லிடறேன், எங்க நாத்தனார் வாங்கிட்டு முழிச்சாங்க.

பூசி ஏழு மாசம் ஆச்சு. நேத்து கழுவறப்ப பாத்தேன், அடியில ஒரு ரூபா காசு அளவுக்கு சிவப்பு தெரியுது. பெரியவருக்கு போன் போட்டேன், ஏதோ கோயில் அண்டா வேலையாம், வெள்ளிக்கிழமை கொண்டு வான்னார். அதுவரைக்கும் ரசம் ஸ்டீல்லதான்.