சம்மதம் கடைசி நாளில் பறிபோவதில்லை

இங்கிலாந்தில் ஓர் அக்காவையும் தம்பியையும் பிரித்துத் தத்துக் கொடுத்த தீர்ப்பு பற்றி இரண்டு நாளாக வரும் பதிவுகளைப் பார்த்து மனசு கொதிக்கிறது. "பெற்றவர்கள் மாட்டோம் என்று கதறியும் ஒரே கையெழுத்தில் தத்துக் கொடுத்துவிட்டார்கள்" என்கிறீர்கள். இங்கே அப்படி ஒரே கையெழுத்தில் எதுவும் முடிவதில்லை. எல்லாம் தத்து விசாரணையில்தான் முடிவாகும் என்று நம்பிக் கடைசி நாள்வரை காத்திருப்பவர்கள்தான் பிள்ளைகளை இழக்கிறார்கள்.

முதலில் உள்ளூர் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவான சோஷியல் சர்வீஸிலிருந்து, வழக்குப் போடப்போகிறோம் என்று ஒரு கடிதம் வரும். அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே சொலிசிட்டரிடம், அதாவது வழக்கறிஞரிடம், போங்கள். வருமானம் எவ்வளவு என்றாலும் பெற்றோருக்குச் சட்ட உதவி இலவசம். அப்புறம் பிள்ளையைக் கவுன்சிலின் பொறுப்பில் எடுக்கக் கேட்கும் கேர் வழக்கு; அதற்கு 26 வாரம்தான் கெடு. 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தது அல்லது நேரக்கூடும் என்று கவுன்சில் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளேஸ்மெண்ட் ஆர்டர், அதாவது பிள்ளையைத் தத்தெடுப்பவர் வீட்டில் வைக்கக் கவுன்சிலுக்கு அனுமதி தரும் ஆணை. பிள்ளையின் நலனுக்கு அவசியம் என்றால் பெற்றோர் சம்மதத்தை விலக்கலாம் என்று 2002 தத்தெடுப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. சம்மதம் போவது அங்கே. தத்து விசாரணையில் அல்ல.

பிள்ளை புதிய வீட்டில் குறைந்தது 10 வாரம் இருந்த பிறகே தத்து மனு போட முடியும். அதை எதிர்க்க உங்களுக்கு முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நிலைமை மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டினாலும், அந்தப் பிள்ளையை மறுபடி பிடுங்கி நடுவது நல்லதா என்று நீதிபதி கேட்பார். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

"அப்போ கவுன்சில் செய்வதெல்லாம் சரியா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. வேறு எந்த வழியும் போதாது என்றால் மட்டுமே இப்படிப்பட்ட ஆணை என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மற்ற வழிகளை ஒப்பிட்டுப் பார்க்காத அறிக்கைகளை அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. இவை கையில் இருக்கும் ஆயுதங்கள். பிளேஸ்மெண்ட் ஆர்டருக்கு முன்னால் எடுக்க வேண்டியவை.

சித்தி, மாமா பெயரைக் கொடுத்தால் அவர்களைப் பாதுகாவலராக நியமிக்கப் பரிசீலிப்பார்கள். ஆனால் நம்மவர்கள் "சொந்தத்துக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்று மறைத்துவிட்டு, இருபதாவது வாரத்தில் பெயர் கொடுக்கிறார்கள். மதிப்பீடு செய்யவே நேரம் இருக்காது. மானம் காப்பாற்றப்படுகிறது, பிள்ளைகள் போய்விடுகிறார்கள். எழுதும்போதே வயிறு எரிகிறது.

சில வீடுகளில் பிள்ளைகள் வெளியே வந்ததே நல்லது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்காவையும் தம்பியையும் ஏன் பிரிக்க வேண்டும்?

சேர்ந்து இருக்கலாமா, பிரிக்கலாமா என்று ஒரு மதிப்பீடு நடக்கும். ஏழு வயது அக்கா தம்பியின் ஜாக்கெட் ஜிப்பைத் தானே போட்டுவிடுவாள். தன் பிஸ்கட்டில் பாதியை அவன் கையில் வைப்பாள். அதை வயதுக்கு மீறிய பொறுப்பு என்று எழுதி, பிரிப்பதற்கே காரணமாக்க முடியும். அந்தப் பிள்ளை செய்த தப்பு என்ன? குறிப்பிட்ட மாதங்கள் சேர்த்துத் தேடுவோம், இருவரையும் எடுக்க ஆள் கிடைக்காவிட்டால் தனித்தனியாக என்றும் திட்டம் போடுகிறார்கள். அந்தக் கெடு எத்தனை மாதம் என்று யாராவது கேட்கிறீர்களா?

பிளேஸ்மெண்ட் ஆர்டர் போடும் முன் தொடர்பு ஏற்பாடுகளை நீதிமன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும், அதே 2002 சட்டத்தின் 27ஆம் பிரிவு. தத்து முடிந்த பிறகு, புதிய பெற்றோர் விரும்பாத சந்திப்பை நீதிமன்றம் லேசில் திணிக்காது. அதனால் பிளேஸ்மெண்ட் ஆர்டர் விசாரணையிலேயே உங்கள் வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்: அக்காவும் தம்பியும் நேரில் பார்ப்பது வருடத்துக்கு எத்தனை முறை, யார் கூட்டிப்போவது, எங்கே. "தொடர்பு ஊக்குவிக்கப்படும்" என்ற ஒற்றை வரிக்குத் தலையாட்டாதீர்கள். எண்ணிக்கை எழுத்தில் வேண்டும்.