மேஸ்திரி இல்லாத கட்டடம்

(கட்டட வேலையிலேயே தலை நரைத்தவர் பெரியப்பா. கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிப்பவள் அவருடைய தம்பி மகள் கயல். மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை, நுண்ணோக்கி, குளிக்கப் பயன்படுத்தும் கடற்பஞ்சு ஒன்று.)

பெரியப்பா: குவளையில் எதை ஊறப் போட்டிருக்கிறாய்? துணி வெளுக்கும் திரவ வாடை மூக்கைத் துளைக்கிறதே!

கயல்: கடற்பஞ்சுத் துண்டு பெரியப்பா. பேர்தான் பஞ்சு, கடலடியில் ஒட்டி வாழும் விலங்கு அது. சதை கரைந்துவிட்டது. அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது பாருங்கள், அதுதான் அதன் எலும்புக்கூடு.

பெரியப்பா: எலும்புக்கூடா? சிமெண்ட் மூட்டையை உதறினால்கூட இதைவிட அதிகம் விழும்.

கயல்: நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பெரியப்பா: (ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு) அடேயப்பா! அத்தனையும் ஊசி. இரண்டு முனையும் கூர். நடுவில் கொக்கி போல வளைந்தவையும் கிடக்கின்றன. கம்பி வளைக்கும் ஆள் கெட்டிக்காரன்தான். பொருள் என்ன, சுண்ணாம்பா?

கயல்: சில இனங்களில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். பெரும்பாலான இனங்களில் சிலிக்கா.

பெரியப்பா: இதற்கு ஏன் படிப்பு? ஒரு சொட்டு அமிலம் விடு. சுண்ணாம்பு என்றால் பொங்கும். கல்லை நாங்கள் அப்படித்தான் சோதிப்போம்.

கயல்: பொறுங்கள், முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். இந்தத் திரவத்தோடு அமிலம் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். (பலமுறை கழுவி, ஒரு சொட்டு விடுகிறாள்.) பொங்கவில்லை. சிலிக்காதான்.

பெரியப்பா: சிலிக்கா என்றால் கண்ணாடி. கண்ணாடி செய்ய ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டுமே. தண்ணீருக்குள் உலையை எங்கே வைத்தது?

கயல்: உலையே கிடையாது. கடல்நீரில் சிலிசிக் அமிலம் துளியளவு கரைந்திருக்கும். அதைச் செல் உறிஞ்சிக்கொள்கிறது. செல்லுக்குள் மெல்லிய புரத இழை ஒன்று இருக்கும். அதைச் சுற்றிச் சிலிக்கா அடுக்கடுக்காகப் படிந்து ஊசியாகிறது. அந்த இழையில் உள்ள சிலிகேட்டின் என்ற நொதிதான் சிலிக்காவைப் படிய வைக்கிறது. அதை 1998-இல் கண்டறிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், புரதத்தை வெட்டித் துண்டாக்கும் நொதிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

பெரியப்பா: இடிக்கிறவன் வீட்டுப் பிள்ளை கட்டுகிற வேலைக்கு வந்துவிட்டான் என்று சொல். சரி, மேஸ்திரி யார்?

கயல்: யாரும் இல்லை.

பெரியப்பா: விளையாடாதே. மேஸ்திரி இல்லாமல் ஒரு செங்கல் நகராது.

கயல்: மூளையே இல்லாத உயிர் பெரியப்பா. நரம்பும் இல்லை, வயிறும் இல்லை. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நன்னீர்ப் பஞ்சு ஒன்றைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஊசியைச் செய்வது ஒரு வகைச் செல். செய்து முடித்த ஊசியைச் சுமந்து திரிவது வேறு வகை.

பெரியப்பா: சித்தாள்!

கயல்: அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சுமக்கிறவை கொஞ்ச தூரம் போய், ஊசியின் நுனியை மேல்தோலுக்குள் குத்தி ஏற்றும். பிறகு ஊசி நிமிரும். அடிமுனையைச் சுற்றி மற்றச் செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் பூசி இறுக்கிவிடும். அதன் தலைமேல் அடுத்த ஊசி. இப்படியே உடல் உயர்ந்துகொண்டு போகும்.

பெரியப்பா: கூரையை முதலில் விரித்துவிட்டு, உள்ளேயிருந்து தூணைக் குத்தி உயர்த்துகிறதா! சாரம் இல்லை, முட்டுக் கொடுக்கவில்லை. இதற்கு வரைபடம் எங்கே?

கயல்: அதுவும் இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் தன் பங்குச் சின்ன வேலை மட்டும் தெரியும்.

பெரியப்பா: வேலை தெரிந்தவன், கேள்வி கேட்காதவன், டீ குடிக்கப் போகாதவன். எனக்கு நான்கு பேர் பிடித்துக் கொடு.

கயல்: பிடிப்பது எளிது. 1907-இல் வில்சன் என்ற விஞ்ஞானி உயிருள்ள பஞ்சை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்து, செல் செல்லாகப் பிரித்துவிட்டார். அவை ஊர்ந்து ஒன்றாகச் சேர்ந்து, மறுபடியும் பஞ்சாகிவிட்டன.

பெரியப்பா: இடித்துப் போட்டாலும் சம்பளம் கேட்காமல் திரும்பக் கட்டும் ஆட்கள்! (குளியல் பஞ்சை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறார்.) ஆனால் இதில் ஊசி எதுவும் குத்தவில்லையே?

கயல்: அதில் ஊசியே கிடையாது. ஸ்பாஞ்சின் என்ற நார்ப்புரதம் மட்டும்தான். கொலாஜன் வகை. அதனால்தான் உடம்பில் தேய்க்க முடிகிறது.

பெரியப்பா: கம்பிக்குக் காசில்லாதவன் கயிற்றைக் கட்டிக் குடிபோயிருக்கிறான்.

கயல்: இன்னும் சில இனங்கள் சுற்றியுள்ள மணலை அள்ளி நாருக்குள் பதித்துக்கொள்கின்றன.

பெரியப்பா: (குரலைத் தாழ்த்தி) உரிமம் வாங்கியா?

கயல்: பெரியப்பா!

பெரியப்பா: சரி, சரி. கண்ணாடி ஊசி என்கிறாய். லேசாக வளைந்தால் உடைந்துவிடாதா?

கயல்: அங்கேதான் அதன் சாமர்த்தியம். ஆழ்கடல் கண்ணாடிப் பஞ்சுகளில் சிலிக்கா அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கரிமப் படலம் இருக்கும். ஓர் அடுக்கில் விரிசல் விழுந்தால் அந்தப் படலத்தில் நின்றுவிடும். அடுத்த அடுக்குக்கு எளிதில் தாவாது.

பெரியப்பா: இதை ஒத்துக்கொள்கிறேன். நல்ல வேலை. இதில் மிகப் பெரிய ஊசி எவ்வளவு நீளம் வரும்?

கயல்: மோனோராஃபிஸ் சுனி என்று ஒரு கண்ணாடிப் பஞ்சு. ஒரே ஒரு ஊசியைக் கடலடிச் சேற்றில் ஊன்றி, அதைப் பற்றிக்கொண்டு நிற்கும். அந்த ஊசி 3 மீட்டர் வரை வளரும்.

பெரியப்பா: ஒரு மாடி உயரத் தூண்! எத்தனை நாள் பிடிக்கும்?

கயல்: கிழக்குச் சீனக் கடலில் கிடைத்த ஒன்றை ஆராய்ந்து, சுமார் 11,000 ஆண்டுகள் வளர்ந்தது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: ஒரு தூணுக்கா?

கயல்: ஒரே தூணுக்கு.

பெரியப்பா: (சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி நீட்டுகிறார்) அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடு. மாடிப்படி இரண்டு வாரம் தள்ளிப்போனதற்குத் தினமும் தொலைபேசியில் கத்தும் வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார்.